புஷ்பம் சொன்னதும் டாக்டர் கேட்டதும்

தம்பி,

உன் பதில் சனிக்கிழமை தபாலில் வந்தது. அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி, பிரிக்காமலே என் கையில் கொடுத்தார். எப்போதும் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவன் நீ. இந்தத் தடவை, "எனக்குச் சம்மதம் அம்மா, பெண்ணுக்கு நெஞ்சில் கோளாறு என்றாலும் பரவாயில்லை, தை மாதமே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அப்பாவுக்குச் சந்தோஷம். வாசலில் நின்ற, பக்கத்து அறையில் இருக்கும் காம்பராக்காரரிடம், "என் மகன் மனசு யாருக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. எது பரவாயில்லை என்று உனக்குத் தெரியுமா? போன கடிதத்தில் நான் படபடப்பில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு சம்மதம் சொல்வது நல்ல மனசு இல்லை, அவசரம். அச்சகத்தில் வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு உட்கார்ந்து இதைப் படி. நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் வட்டவளைக்குத் தேதி குறிக்கப் போனது உனக்குத் தெரியும். புஷ்பத்தின் வீட்டில் நன்றாகத்தான் கவனித்தார்கள். அவளுடைய அம்மா வடை சுட்டு, கேசரி கிண்டி, எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. பெண் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். கொழுந்து மலைக்குப் போகாமல் தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்குகிறாள் என்றார்கள். வெயில் மழை படாத வேலை, நல்லதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏன் அந்த வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. புறப்படும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போட்டு, ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி அவளை எங்களோடு அனுப்பினார்கள்.

ரயில் தாமதம். அப்பா பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்ப் பீடி பற்ற வைத்துக்கொண்டார். புஷ்பம் பையைப் பெஞ்சில் வைத்தவள் திரும்பிப் போகாமல் நின்றாள்.

"அத்தை, ஒரு விசயம் சொல்லணும். சொன்னது தெரிஞ்சா எங்கம்மா என்னைய கொன்னுபோடுவாங்க."

வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு நெஞ்சுல ஒரு கோளாறு இருக்குங்க. பதினோரு வயசுல காய்ச்சல் வந்துச்சு. மொதல்ல முழங்கால் வீங்குச்சு, அது வத்துனதும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில போட்டு வச்சிருந்தாங்க. அப்பயிருந்து மாசாமாசம் ஊசி போடுறேன். நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"இத ஏன் புள்ள இப்ப எங்கிட்ட சொல்ற?"

"கல்யாணத்துக்கு அப்புறமும் ஊசிக்குப் போகணும்ல அத்தை. ஒளிச்சு ஒளிச்சு எத்தன மாசம் போறது?"

அவள் அழவில்லை. ஒரு வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். ரயில் வந்துவிட்டது.

முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு. தம்பி, இதே வரிசையை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உன் பாக்கியம் சின்னம்மாவை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அக்கரப்பத்தனையில் நாம் இருந்தபோது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அவளுக்குப் பதினாலு வயதில் இப்படித்தான் காய்ச்சல் வந்தது. ஒரு மூட்டில் இறங்கி இன்னொரு மூட்டில் ஏறியது. தோட்டத்து டிஸ்பென்சர் வெள்ளை மாத்திரை கொடுத்தார், வேப்பிலை அடித்தோம், ஒருநாள் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிறகு மலை ஏறும்போது மூச்சு வாங்கினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று நின்று ஏறினாள். கங்காணி சோம்பேறி என்று திட்டினார், வீட்டில் உள்ளவர்களும் அதையே சொன்னார்கள். கல்யாணம் ஆனது. பிள்ளை உண்டான ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். மல்லாந்து படுத்தால் தண்ணீருக்குள் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். கால் வீங்கி, உதடு கறுத்துப் போயிற்று. தோட்டத்து லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் என்ன வியாதியில் செத்தாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. காற்றுப் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவளுடைய புருஷன் இரண்டு வருஷம் கழித்து நம் வீட்டுக்கு வந்து, "அக்கா, நான் அவள சரியா பாக்கலையா?" என்று என்னிடமே கேட்டான்.

அதனால் ரயிலிலேயே அப்பாவிடம் சொன்னேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. ரயில் ஹட்டனைத் தாண்டியதும் அவர், "அந்தப் புள்ள சொன்னதாலதான வேணாங்கிற? சொல்லாம இருந்திருந்தா?" என்றார்.

"சொல்லாம இருந்து, நாளைக்கு நம்ம வீட்டுல பாக்கியம் மாதிரி ஆயிருந்தா?"

"அதத்தான் கேக்குறேன். சொன்னவள வேணாங்கிறோம். சொல்லாதவளா பாத்து கட்டி வைக்கப் போறமா?"

அவர் சொன்னது சரி என்று தெரிந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. வட்டகொடையில் இறங்கி வீட்டுக்கு வந்த மறுநாள்தான் உனக்கு அந்த நாலு வரியை எழுதினேன். நீ வேண்டாம் என்று எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் பதில் வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த தடவை ஊசிக்குப் போகும்போது நானும் கூட வருகிறேன் என்று புஷ்பத்துக்குச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் வாயாலேயே "இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது" என்று கேட்டுவிட்டால் யார் மேலும் பழி இல்லாமல் போய்விடும் என்பது என் கணக்கு.

பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறொருத்தியை விட்டு, லீவு சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். புஷ்பம் ஆஸ்பத்திரி வாசலில் குடையோடு நின்றாள். ஊசி போடுகிற இடத்தில் ஏகப்பட்ட கூட்டம், பாதிப் பேர் பிள்ளைகள். அந்த மருந்து பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது. பெரிய ஊசியில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அவளுக்கு முன்னால் ஒரு பையன் போட்ட சத்தத்தில் கூரை பிய்ந்துவிடும் போல இருந்தது. புஷ்பம் உள்ளே போய், உதட்டைக் கடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். "ரெண்டு நாளைக்கு ஒரு பக்கமா உக்காரணும் அத்தை, அவ்வளவுதான்" என்றாள். ஏழெட்டு வருஷமாக மாதம் தவறாமல் இதைச் செய்கிறாள். மண்சரிவில் பஸ் நின்ற மாதத்தில்கூட ரயில் பாதை ஓரமாக நடந்து வந்திருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை, ஊசி போடுகிற நர்ஸ் சொன்னாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயது, கண்ணாடி போட்டவர். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சைக் குழாய் வைத்துக் கேட்டு, வீட்டில் எத்தனை பேர், எப்படிப் படுக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு வருகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. நான் யார் என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா என்றேன்.

"புஷ்பம், இவவுக்கு முன்னால கதைக்கலாமோ?"

"பேசுங்க டாக்டர். கேக்கத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "தொண்டை நோ எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான் அம்மா. சிலருக்கு அது போய் ரெண்டு மூண்டு கிழமையில மூட்டுக் காய்ச்சலா வரும். மூட்டு வீக்கம் வத்திப் போயிடும். நெஞ்சில பட்ட காயம் போகாது. இதயத்துக்குள்ள ரத்தம் போய் வாறதுக்குக் கதவு மாதிரி இருக்கு, அது தடிச்சுப் போயிடும். திறந்து மூடக் கஷ்டப்படும்."

"ஏன் டாக்டர், எல்லாப் புள்ளைக்கும் வராம இவளுக்கு மட்டும் வரணும்?"

"முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது. நெருக்கமாப் படுக்கிற இடங்களில கூடுதலா வருது. ஒருக்கா வந்தவைக்குத் திரும்பவும் எளிதா வருது. ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு இன்னும் பழுதாகும். ஊசி பழைய காயத்தை மாத்தாது. புதுசா வராமப் பாக்கும்."

நான் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். அந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுத்தீர்கள் என்றார். எட்டுப் பேர் என்றேன். அடுப்பும் உள்ளேயா என்றார். மழைக்காலத்தில் உள்ளேதான் என்றேன். செத்துப்போனவள் எப்படிப் படுத்தாள், யார் பக்கத்தில் படுத்தாள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். அது காற்றுப் பட்டதல்ல, நுரையீரலில் நீர் சேர்ந்தது என்றார். அவளைச் சோம்பேறி என்று சொன்னவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்க வந்ததைக் கேட்டேன்.

"இவ புள்ள பெத்துக்கலாமா டாக்டர்?"

"இப்ப இருக்கிற நிலையில பெறலாம் எண்டுதான் நினைக்கிறன். உங்கட தங்கச்சியின்ர நெஞ்சை ஆரும் கேட்டுப் பாக்கேல்ல. இவவின்ரதை நான் வந்த நாளில இருந்து கேட்டுக்கொண்டு வாறன், பழுது கூடேல்ல. ஆனா மற்றப் பெண்களை விட இவவுக்கு ஆபத்துக் கூடத்தான்."

"கூடன்னா?"

"கூட எண்டா கட்டாயம் நடக்கும் எண்டில்லை. கூடக் கவனிக்கோணும் எண்டு அர்த்தம்."

"உறுதியா ஒண்ணு சொல்லுங்களேன்."

"அது என்னால ஏலாது அம்மா. ஆரெண்டாலும் உறுதியாச் சொன்னா நம்பாதேங்கோ."

கவனிப்பது என்றால் என்னவென்று அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பெரும்பாலும் நீதான் செய்ய வேண்டியவை. கொழும்பில் அவளோடு குடியிருக்கப் போகிற இடம் சிறியதாக இருந்தாலும் ஜன்னல் இருக்க வேண்டும். சிநேகிதர்களையெல்லாம் கூட்டிவந்து ஒரே அறையில் படுக்க வைக்காதே. ஊசி நாளை அவளே ஞாபகம் வைத்திருப்பாள். ஆனால் கல்யாணச் சாப்பாடு, விருந்தாளி, தலைவலி என்று நீ எதையாவது சொல்லித் தள்ளிப்போட வைக்கக் கூடாது. அவளுக்கோ உனக்கோ தொண்டை வலித்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுச் சும்மா இருக்காமல் மருந்து வாங்க வேண்டும். பல் பிடுங்கப் போனால் முதலில் பல் டாக்டரிடம் நெஞ்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து பழுதான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். உடம்பில் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, இரும்பு மாத்திரை, கீரை. நம் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு முகம் வெளுத்துத்தான் கிடக்கிறது, அது இவளுக்கு ஆகாது. பிள்ளை உண்டானால் வயிறு தெரிகிற வரைக்கும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டு லயத்துக் காம்பராவுக்கு அனுப்புவது நம் வழக்கம் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதே. தட்டையாகப் படுக்க முடியவில்லை என்று என்றைக்காவது அவள் சொன்னால், விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது. ஒன்று பெற்றால் அடுத்ததற்குச் சில வருஷம் இடைவெளி வேண்டும், ஒன்றோடு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். தாய் இப்படி வெளிப்படையாக எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே. பாக்கியத்தின் புருஷன் நல்ல பையன்தான். அவனுக்கு இதில் ஒன்றையாவது யாராவது சொல்லியிருக்கலாம்.

இதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். டாக்டர், "மாப்பிள்ளையை ஆரும் பாத்தனீங்களோ?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "கொழும்புல வேல பாக்குறான் டாக்டர். தை மாசம் வருவான்."

"அதில்லை. அவரின்ர நெஞ்சை ஆரும் கேட்டுப் பாத்ததோ?"

"அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்."

"இவவும் பாக்க நல்லாத்தான் இருக்கிறா" என்று புஷ்பத்தைக் காட்டினார். "உங்கட தங்கச்சியோட அதே அறையில படுத்த பிள்ளைதானே? சின்னனில தொண்டை நோ, மூட்டு வீக்கம் ஏதும் வந்ததோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அதே மழைக்காலத்தில், உனக்கு ஒன்பது வயது, முழங்கால் வீங்கிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டாய். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று பக்கத்தில் சொன்னார்கள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். ஒரு வாரத்தில் நீ ஓட ஆரம்பித்துவிட்டாய். பாக்கியத்தின் வலியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் உன் வலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன்.

"அனேகமா ஒண்டும் இராது" என்றார். "பந்து அடிபட்டும் வீங்கியிருக்கலாம். எண்டாலும் கேட்டுப் பாக்கோணும். கொழும்பில தானே இருக்கிறார்? சட்டையைக் கழட்டிப் போட்டுப் படுத்தா அஞ்சு நிமிஷ வேலை."

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் உள்ள கடையில் ஆளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கினேன். என் கணக்கெல்லாம் எங்கேயோ போயிருந்தது. கல்யாணம் கூடாது என்று சொல்ல வைக்கப் போனவள், நின்றுகொண்டே தேத்தண்ணி குடிக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கல்யாணம் நடக்கும் புள்ள. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். அவள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு எந்த முழங்கால் அத்தை?" என்றாள்.

"எடதுன்னு நெனைக்கிறேன்."

"அது வத்துனதும் வேற மூட்டு வீங்குச்சா?"

"ஞாபகம் இல்ல புள்ள."

"மேடு ஏறுனா மூச்சு வாங்குமா? விளையாடும்போது நடுவுல உக்காந்துக்குவாரா?"

"அப்படியெல்லாம் இல்ல. பந்தடிச்சா இருட்டுற வரைக்கும் அடிப்பான்."

"அப்ப ஒண்ணும் இருக்காது. ஆனாலும் மொதல்ல போயி நெஞ்ச கேட்டுட்டு வரட்டுங்க."

"ஏதாச்சும் இருந்தா?"

"இருந்தா நான் யோசிச்சு சொல்றேன்." பிறகு, நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்கிற மாதிரி என் கையைத் தொட்டாள். "நீங்களும் யோசிக்க நாள் எடுத்துக்கிட்டீங்கல்ல அத்தை?"

எடுத்துக்கொள் என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. இருபது நாளாக அவளுடைய நெஞ்சைப் பற்றி நானும் அப்பாவும் பேசாத பேச்சில்லை. உன் நெஞ்சைப் பற்றி அவள் கேட்டது நாலே கேள்வி. அவற்றில் முதல் இரண்டுக்கும் என்னால் நிச்சயமாகப் பதில் சொல்ல முடியவில்லை. வட்டவளை பஸ் வந்தது. உள்ளே இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. ஊசி போட்ட பக்கம் வலிக்கும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.

அதனால் தேதியை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவையும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறேன். நீ இந்த வாரத்திலேயே ஒருநாள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ. சின்ன வயதில் முழங்கால் வீங்கியதையும், பாக்கியம் சின்னம்மாவோடு ஒரே காம்பராவில் படுத்ததையும் டாக்டரிடம் நீயே சொல், அவராகக் கேட்க மாட்டார். அவர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள். விளங்காவிட்டால் திரும்பவும் கேள். நல்லதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கூட்டாமல் குறைக்காமல் எழுது. அந்தக் கடிதத்தை எனக்குப் போடாதே. புஷ்பத்துக்குப் போடு. நான் அவள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

அம்மா